மூன்று கை பின்னிய கூடை

காட்டுப்பாக்கம்
9.6.2024

அன்புத் தங்கை தாட்சாயிணிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை, அது எப்போதுமே தனிக்கட்சி. நீ, உன் வீட்டுக்காரர், கிருஷ்ணப்பிரியா, மாப்பிள்ளை எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பாய். உன் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். நான் இங்கே ஹலோ என்றால் அங்கே உன் வீட்டுக்காரர் "மதினி, சௌக்கியமா?" என்பார். அப்புறம் எதைப் பேசுவது? இங்கேயோ சுவர் அப்பளம் மாதிரி. நான் தும்மினால் அடுத்த அறையிலிருந்து ஸ்வாதி மாத்திரை வேண்டுமா என்று கேட்கிறாள். நல்ல மருமகள்தான், குறை சொல்லவில்லை. ஆனாலும் தனியாக வாய்விட்டுப் பேச மனுஷிக்கு ஒரு மூலை வேண்டும்.

விருதுநகரைக் காலி செய்து வந்து மூன்று மாதமாகிறது. ஏழாவது மாடி. கீழே பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோ வேலை. அந்தத் தூசி லிஃப்ட் இல்லாமலே ஏழு மாடி ஏறி வந்து என் பூஜை விளக்கில் உட்காருகிறது. ஜெகதீஷும் ஸ்வாதியும் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இங்கிலீஷில் பேசுகிறார்கள். நான் ஹாலில் உட்கார்ந்து, இப்போது மிக்ஸி போடலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் சாப்பாட்டை போனிலேயே வரவழைத்துவிடுகிறார்கள்.

போன வாரம் கரையான்சாவடியில் ஒரு கடையில் ஒயர் கட்டுகள் தொங்குவதைப் பார்த்தேன். பச்சை, மஞ்சள், மெரூன். கை பரபரத்துவிட்டது. அம்மா நமக்கு ஒரே கட்டு ஒயர்தான் வாங்கித் தருவாள், நீ அந்தப் பக்கம் நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரே கூடையைப் பின்னுவோமே. அதையே இப்போதும் செய்தால் என்ன? நீ அடி போட்டு அனுப்பு. நான் உடம்பு பின்னித் திருப்பி அனுப்புகிறேன். நீ வாய் கட்டிக் கைப்பிடி போட்டுக்கொள். கூடைக்குள் கடுதாசியை வைத்துவிடலாம்.

பஸ் ஏறும்போது நீ சொன்னாயே, "பிடிக்கலேன்னா யோசிக்காதக்கா, மாடி ரூம் சும்மாத்தான் கெடக்கு, வந்துரு" என்று. பிடிக்காமல் இல்லை. ஆனால் இருந்த வாடகை வீட்டையும் விட்டு, பாத்திரம் பண்டத்தையும் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டு வந்தவள் நான். எனக்கென்று இன்னொரு இடம் உண்டு என்று நீ சொன்னது பெரிய தெம்பாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி, கூடையெல்லாம் ஒரு சாக்கு.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா,
பார்வதம்

*

விருதுநகர்
20.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தாட்சாயிணி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம். உன் நலம் எப்படி? முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா, பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா, கண்ணாடி மாற்றினாயா, ராத்திரி தூக்கம் எப்படி? எல்லாவற்றுக்கும் பதில் எழுது. ஒன்றை விட்டாலும் நான் மறுபடி கேட்பேன்.

உன் யோசனை எனக்கும் பிடித்திருக்கிறது. மெரூனும் சந்தன நிறமும் கலந்து அடி போட்டு அனுப்பியிருக்கிறேன். சாதா முடிச்சுதான். சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு என்று உன் வித்தையெல்லாம் காட்டாதே. நடுவில் ஒயரை ஒட்டுப் போட்டால் ஒட்டு உள்பக்கம் வரட்டும். போன தடவை கிருஷ்ணப்பிரியா வளைகாப்புக்குப் பின்னிய கூடையில் நீ வெளிப்பக்கம் விட்டதை நான் இன்னும் மறக்கவில்லை.

இவர் கேட்கிறார், "ரெண்டு பேரும் தபால்காரனுக்குச் சுமை கூலி தருவீங்களா?" என்று. இந்த மனுஷனுக்கு எதைத்தான் புரியவைப்பது? நீ போன பிறகு சாயங்கால நேரம் எனக்கு நீளமாகிவிட்டது. பேச ஆள் இல்லை. டிவியில் எல்லோரும் அழுகிறார்கள்.

மாடி ரூமைப் பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். அதில் உனக்கில்லாத உரிமையா? இதையெல்லாம் கேட்டு எழுத வேண்டுமா, அக்கா?

உன் தங்கை,
தாட்சாயிணி

*

காட்டுப்பாக்கம்
14.7.2024

அன்புள்ள தாட்சுவுக்கு,

நலம். கேள்வி வரிசைப்படி பதில்: தேய்க்கிறேன், போடுகிறேன், மாற்றவில்லை, வருகிறது. போதுமா? நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கிருஷ்ணப்பிரியாவின் குழந்தை குப்புற விழுந்ததா?

கூடையின் உடம்பு உள்ளே இருக்கிறது. பால்கனியில் உட்கார்ந்து பின்னினேன். ஒயர் நுனி காற்றில் ஆடி, கீழ்வீட்டுத் துணிக்கொடியில் மாட்டி, அந்த வீட்டுப் பெண் மேலே வந்து கதவைத் தட்டினாள். சண்டைக்கு வந்தவள் கூடையைப் பார்த்துவிட்டு, எங்கள் அம்மாவும் பின்னுவாள் ஆன்ட்டி என்று நின்று பேசினாள். இந்தக் கட்டடத்தில் என்னோடு யாராவது நின்று பேசியது அதுதான் முதல் தடவை. பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

இன்னொரு விஷயம். ஜெகதீஷைக் கம்பெனியில் கனடாவுக்குப் போகச் சொல்கிறார்களாம். இரண்டு வருஷம். ஸ்வாதிக்கும் அங்கேயே வேலை கிடைக்கும்போல. என்னிடம் இன்னும் சொல்லவில்லை. சுவர்தான் சொன்னது. "அம்மாவை என்ன பண்றது?" என்று ராத்திரி பேசிக்கொள்கிறார்கள். மறுநாள் சோபாவைப் பற்றியும் அதே மாதிரிதான் பேசினார்கள், அதை என்ன பண்றது என்று. சோபாவுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

கோபித்துக்கொள்ளவில்லை. என் பிள்ளை. வெளிநாட்டு வேலை எல்லோருக்குமா வருகிறது? நல்லபடியாகப் போய் வரட்டும். ஆனால் என்னிடமே நேராகக் கேட்டிருக்கலாம். நான் விருதுநகர் போகிறேன், தாட்சு வீட்டில் இடம் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
பார்வதம்

*

விருதுநகர்
28.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். உன் சுகத்துக்கு எழுது. கண்ணாடியை ஏன் மாற்றவில்லை? அதனால்தான் நாலாவது வரிசையில் ஒரு முடிச்சு திரும்பிக் கிடக்கிறது. ஆறாவது வரிசையில் ஒரு ஒயரை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்திருக்கிறாய். வாய் வரைக்கும் வந்துவிட்ட கூடையை நான் நாலாவது வரிசை வரை பிரித்து, மறுபடி பின்னி முடித்தேன். இவர் சிரிக்கிறார், யாருக்குத் தெரியப்போகிறது என்று. எனக்குத் தெரியுமே! கூடையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த முடிச்சு என்னைப் பார்த்துக் கண்ணடிக்கும்.

மற்றபடி உன் கை அப்படியே இருக்கிறது. உன் முடிச்சு வலப்பக்கம் கொஞ்சம் சாயும், இழுப்பு ஒரே சீராக இருக்கும். கடை நிறையக் கூடை தொங்கினாலும் உன்னுடையதை நான் கண்ணை மூடிக்கொண்டு தடவி எடுத்துவிடுவேன்.

கனடா விஷயம் கேட்டு மனசு கஷ்டப்பட்டது. நீ எதற்கும் கலங்காதே. அவர்கள் போனால் போகட்டும், நீ பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்துவிடு. நாம் இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்து ஊருக்கே கூடை பின்னிப் போடுவோம். அதற்கு இன்னும் நாள் இருக்கிறதல்லவா? அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பச்சையும் வெள்ளையுமாக அடுத்த அடி வைத்திருக்கிறேன்.

உன் தங்கை,
தாட்சாயிணி

*

கேர் ஆஃப் கனிமொழி,
திருவேற்காடு
6.10.2024

அன்புள்ள தாட்சுவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமா? இரண்டு மாதத்துக்கு மேலாகப் பதில் போடவில்லை, திட்டாதே. வேலை அதிகம்.

மேலே இருக்கும் முகவரியைக் குறித்துக்கொள். காட்டுப்பாக்கத்தில் செக்யூரிட்டி பார்சலை வாங்கி எங்கேயாவது போட்டுவிடுகிறான். கனிமொழி தெரிந்த பெண், பொறுப்பானவள். அவள் பெயருக்கு அனுப்பினால் என் கைக்கு வந்துவிடும். ஜெகதீஷும் ஸ்வாதியும் நலம். குளிர்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள்.

இங்கே தாயம்மாள் என்று ஒருத்தி பழக்கமாகியிருக்கிறாள். இந்தப் பக்கத்துப் பழைய குடும்பம். நெல்லும் கீரையும் போட்ட நிலம் இருந்ததாம். "எங்க நெலம் கீற எடத்துல இப்போ எட்டு மாடி கட்டிக்கீறானுங்கோ. அதுல எனக்கு ஒரு ரூம்பு உண்டா? கக்கூஸ் கூட கெடியாது" என்று அவள் சொல்வதைக் கேட்டால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். நான் கூடையும் கையுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "இன்னாமா அது, குட்த்துப் பாரு, நானுந்தான் பின்றேன்" என்று பிடுங்கிக்கொண்டாள். அவளுக்கு இடது கைப் பழக்கம். அப்புறம் கோமளா என்று இன்னொருத்தி, தாலுகா ஆபீஸில் டைப் அடித்து ரிட்டையர் ஆனவள். அவளும் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். மத்தியானம் ஓடிவிடுகிறது.

கூடையின் உடம்பு வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு எழுது. எப்போதும்போல வரிசை வரிசையாகப் பார்.

மணி அடித்துவிட்டார்கள். சாப்பிடப் போக வேண்டும். தாமதமானால் இங்கே மறுபடி சுடவைத்துத் தர மாட்டார்கள்.

அன்புடன்,
பார்வதம்

*

விருதுநகர்
25.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளி வாழ்த்துகள். இங்கே நாங்கள் நலம். நீ நலமா? கால் எப்படி இருக்கிறது? மழை ஆரம்பித்துவிட்டதாமே, ஈரத்தில் நடக்காதே. பலகாரம் அனுப்பலாம் என்றால் உனக்குச் சர்க்கரை ஏறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. டெஸ்ட் எடுத்தாயா?

கூடை வந்து சேர்ந்தது. மிக அழகாக இருக்கிறது. அப்படியே வாய் கட்டிக் கைப்பிடியும் போட்டுவிட்டேன். பச்சையும் வெள்ளையும் எடுப்பாக இருக்கிறது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நீலத்தில் அடுத்த அடி வைத்திருக்கிறேன்.

வீட்டு விஷயம் ஒன்று. மாடி ரூம் வெறுமனே பூட்டிக் கிடந்தால் கரையான் வந்துவிடும் என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். போன வாரம் ஒரு பையனுக்கு வாடகைக்கு விட்டாயிற்று. அஜித்குமார் என்று பெயர், பாங்கில் வேலை, நாமக்கல் பக்கம். சத்தம் போடாத பையன். இவருக்கும் பேச்சுத்துணை ஆயிற்று. ஒரு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். உன்னிடம் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம், ஆனால் நீதான் ஜெகதீஷோடு சௌகரியமாக இருக்கிறாயே என்று இவர் சொன்னார்.

கிருஷ்ணப்பிரியாவின் பையன் தவழ்கிறான். வீடு முழுக்க அவன் ராஜ்ஜியம்தான். கனிமொழிக்கும் என் விசாரிப்பைச் சொல்.

உன் தங்கை,
தாட்சாயிணி

*

கேர் ஆஃப் கனிமொழி,
திருவேற்காடு
24.11.2024

தாட்சுவுக்கு,

நான் இருக்கிறேன். நீங்களும் நலமாக இருப்பீர்கள். குழந்தைக்குச் சுற்றிப்போடு.

மாடி ரூமுக்கு ஆள் வந்ததில் சந்தோஷம். வீடு உங்களுடையது, ரூம் உங்களுடையது, என்னைக் கேட்பதற்கு நான் யார்? பாங்க் பையன் என்றால் நம்பிக்கையானவன்தான். கரையானுக்கும் அவனுக்கும் ஒத்துப்போகட்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பச்சை வெள்ளைக் கூடை "மிக அழகாக" இருந்தது என்று எழுதியிருக்கிறாய். உன் கல்யாணத்துக்கு நான் பின்னிய தாம்பூலக் கூடையிலேயே குறை கண்டுபிடித்து, மணவறைக்குப் போகும்போது என் காதில் சொல்லிவிட்டுப் போனவள் நீ. நாலாவது வரிசை, ஆறாவது வரிசை என்று எனக்குப் பாடம் எடுப்பவள். அந்தக் கூடையில் ஒன்றுமே தெரியவில்லையா உனக்கு?

நீலக்கூடையை அனுப்பியிருக்கிறேன். இதை நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார். கண்ணாடி போட்டுக்கொண்டு பார். ஒரு பக்கத்து முடிச்செல்லாம் இடப்பக்கம் சாயும். இன்னொரு பக்கம் இழுத்த இழுப்பில் ஒயர் வெளுத்தே போயிருக்கும். கோமளாவுக்கு யார்மேல் என்ன கோபமோ, எல்லாவற்றையும் ஒயரில் காட்டுகிறாள். நான் ஒன்றையும் பிரிக்கவில்லை. அப்படியே அனுப்பியிருக்கிறேன்.

மழை விடாமல் பெய்கிறது. வாசலில் முழங்கால் தண்ணீர். பார்க்க வருகிறோம் என்று சொன்னவர்கள் யாரும் வரவில்லை. தாயம்மாள் கேட் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், "மய இல்லாத அன்னிக்கு மட்டும் வந்துட்டானுங்களாங்காட்டி" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, உள்ளே வந்து நீல ஒயரை எடுத்துக்கொண்டாள். நாங்கள் மூன்று பேரும் சாயங்காலம் வரை பின்னினோம். அது ஒன்றுதான் எனக்கு இங்கே ஆறுதல். உண்மையாகச் சொல்கிறேன், கையில் ஒயர் இருக்கும்போது மனசு வேறெங்கும் போவதில்லை.

நீ பார்த்து எழுது, தாட்சு. எனக்கு வேறெதுவும் வேண்டாம். பார்த்ததை எழுது.

பார்வதம்

*

விருதுநகர்
15.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், இவருக்கு மட்டும் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. உன் உடம்பு எப்படி? மழையில் சளி பிடித்ததா? குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கிறதா? வேளைக்குச் சாப்பிடு. உடம்பை விட்டுவிடாதே.

நீலக்கூடை வந்தது. நேர்த்தியாகத்தான் இருக்கிறது. எனக்கும் வயசாகிறது, அக்கா. கண்ணில் புரை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முன்பு மாதிரி முடிச்சு முடிச்சாகப் பார்க்க முடிவதில்லை. ஒன்றிரண்டு பேர் சேர்ந்து பின்னினால்தான் என்ன, நமக்குப் பொழுது போனால் சரி. பழகிய துணை கிடைப்பதே பெரிய விஷயம். நீ அங்கே நாலு பேரோடு கலகலப்பாக இருப்பது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? இவரிடமும் சொன்னேன். அவருக்கும் நிம்மதி.

பொங்கலுக்கு நீ கட்டாயம் இங்கே வர வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டோம். பதின்மூன்றாம் தேதி காலையில் வந்து, பதினேழாம் தேதி ராத்திரி கிளம்பலாம். போகவும் வரவும் இவரே டிக்கெட் போட்டுவிட்டார். திரும்பும்போது இருட்டில் திருவேற்காட்டுக்குத் தனியாகப் போக நீ சிரமப்படக்கூடாது என்று, விடிந்த பிறகு எழும்பூர் வந்து சேரும் வண்டியாகப் பார்த்துப் போட்டிருக்கிறார். ஹாலில் உனக்குக் கட்டில் போட்டுவிடுகிறேன். ஐந்து நாளும் நாம் எதிரெதிரே உட்கார்ந்து பின்னலாம்.

மஞ்சளில் ஓர் அடி வைத்திருக்கிறேன். வரும்போது உடம்பு பின்னிக் கையோடு கொண்டுவா.

உன் தங்கை,
தாட்சாயிணி

*

திருவேற்காடு
3.1.2025

தாட்சாயிணிக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். உன் வீட்டுக்காரரின் சர்க்கரை இறங்கட்டும். உன் கண்ணுக்கு நல்ல டாக்டராகப் பார்.

கேர் ஆஃப் கனிமொழி என்பதை இந்தத் தடவை எழுதவில்லை. அவள் இந்த முதியோர் இல்லத்தின் மேனேஜர். உனக்குத் தெரியும். திரும்பும்போது நான் திருவேற்காட்டுக்குப் போவேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். நான் இங்கே குடியிருப்பதாக உனக்கு எந்தக் கடுதாசியில் எழுதினேன்? பார்சலை வாங்கிக்கொள்ள ஒரு முகவரி கொடுத்தேன், அவ்வளவுதான். என் வீடு காட்டுப்பாக்கம் என்றுதானே நீ நினைத்திருக்க வேண்டும்?

ஆகஸ்டில் கொண்டுவந்து விட்டார்கள். "ரெண்டே வருஷம்மா, டாக்டர் இருக்காங்க, டிவி இருக்கு, கோயில் பக்கம்" என்று ஜெகதீஷ் சொன்னான். விருதுநகர் போகிறேன் என்று சொன்னேன். "சித்திக்கு எதுக்கும்மா சிரமம்? அங்க போய் உனக்கு ஏதாவது ஆச்சுன்னா அவங்களால ஓட முடியுமா?" என்றான். என்னை அங்கேதான் விட வேண்டும் என்று அவனிடம் சண்டை போட, உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வேண்டும் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் சொன்ன வார்த்தை போதாது என்று எனக்கே அப்போது தோன்றியது. அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்கு ஒரு வீடு இருந்தது. வீடு இருப்பவளை வா என்று கூப்பிடுவது சுலபம்.

என் பிள்ளை என்னை ஹோமில் விட்டுவிட்டான் என்று கையால் எழுத வரவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நானாக வந்து கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. சரி, கூடையைப் பார்த்தால் தாட்சுவுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். என் கையைத் தடவியே கண்டுபிடிப்பவள், அடுத்தவர்கள் கை பட்டால் விடுவாளா? "இவர்களெல்லாம் யார் அக்கா, நீ எங்கே இருக்கிறாய், ஏன் இவர்களோடு உட்கார்ந்து பின்னுகிறாய்?" என்று அடுத்த தபாலிலேயே கேட்பாள் என்று இருந்தேன். அதனால்தான் தாயம்மாளிடமும் கோமளாவிடமும் ஒயரைக் கொடுத்தேன். தாயம்மாள் பிடுங்கியபோது விட்டதும் வேண்டுமென்றுதான். அவர்களுடைய கோணல் முடிச்சுகளை ஒன்றுகூடப் பிரிக்காமல் அனுப்பினேன்.

நீ கேட்கவில்லை. தெரியாமல் இல்லை. ஒரு முடிச்சு திரும்பிக் கிடந்ததற்காக முக்கால் கூடையைப் பிரித்தவளுக்கு, மூன்று கை பின்னிய கூடை தெரியாமல் போகுமா? தெரிந்தது என்று சொன்னால் என்னைக் கூப்பிட வேண்டியிருக்கும். அதனால் அழகாக இருக்கிறது என்று எழுதிவிட்டு, அந்த வாரமே மாடி ரூமுக்கு ஆள் வைத்தாய். வீட்டில் உனக்கு என்ன நெருக்கடியோ, உன் வீட்டுக்காரர் என்ன சொன்னாரோ, நான் அறியேன். "அக்கா, முடியவில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் அழுதிருப்பேன், அப்புறம் சரியாகியிருப்பேன். ஜெகதீஷ்கூட என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். நீ நேர்த்தி என்று எழுதினாய். எனக்கு அதுதான் ஆறவில்லை.

பொங்கலுக்கு நான் வரவில்லை. வரச் சொன்ன கடுதாசியிலேயே போகும் வண்டியையும் எழுதிவிட்டாய். டிக்கெட் இரண்டையும் ரத்து செய்யச் சொல். இங்கே நாங்கள் பொங்கல் வைக்கப்போகிறோம். கனிமொழி கேஸ் அடுப்பில் வைத்தால் போதும் என்கிறாள். தாயம்மாள் விடமாட்டேன் என்கிறாள். "அடுப்பு மூட்டாம இன்னா பொங்கலு? நான் கல்லு கொண்டாரேன், நீ சும்மா குந்து" என்று நேற்றிலிருந்து அவளோடு சண்டை. நான் தாயம்மாள் கட்சி.

மஞ்சள் கூடையை உனக்கு அனுப்பவில்லை. நாங்களே உடம்பு பின்னி, வாய் கட்டி, கைப்பிடியும் போட்டுவிட்டோம். கோமளா அதில் மாத்திரையும் கண்ணாடியும் வைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு வருகிறாள். வாய் கட்டியது நான். என்னுடையது உன்னுடையது அளவுக்கு நன்றாக வரவில்லை.

இனி நீ எழுதினால் எழுது, எழுதாவிட்டாலும் குறையில்லை. ஆனால் ஒன்று. என் நலத்தை மட்டும் விசாரிக்காதே. சம்பிரதாயத்துக்கு நான் பதில் எழுதி முடித்துவிட்டேன். இனிமேல் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் எப்படி இருக்கிறேன் என்பதைத்தான் எழுதுவேன். அதைக் கேட்க உனக்குத் தைரியம் இருந்தால் கேள்.

பார்வதம்

*

விருதுநகர்
23.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் நலம்.

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. கிருஷ்ணப்பிரியாவின் பையன் எழுந்து நின்று இரண்டு அடி வைத்தான். இவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. எனக்குக் கண் ஆபரேஷன் அடுத்த மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். அஜித்குமாருக்குப் பெண் பார்க்கிறார்கள், அவனுடைய அம்மா வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனார்கள்.

இந்த வருஷம் மாசியிலேயே வெயில் கொளுத்துகிறது. தெப்பக்குளம் பக்கத்துக் கடையில் புதிதாகக் கண்ணாடி மாதிரி ஒயர் வந்திருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், வழுக்குகிறது, முடிச்சு நிற்காது. அதனால் பழைய ஒயரிலேயே கறுப்பும் சிவப்புமாக அடி போட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன். உனக்கு எந்த முடிச்சு பிடிக்கிறதோ அதையே போட்டுக்கொள். பின்னி முடித்ததும், அவசரமில்லை, மெதுவாக அனுப்பு.

தபால் நேரமாகிவிட்டது. இத்துடன் முடிக்கிறேன்.

உன் தங்கை,
தாட்சாயிணி